உயிரணுவினுள் உட்செலுத்தல்: கூர்மையிலிருந்து துடிப்பிற்கு

முன்னுரை

உயிருள்ள செல்லின் சவ்வைத் துளைத்து, மரபுப்பொருள், விந்தணு, உட்கரு போன்றவற்றை நுண்குழல் வழியே உள்ளே இடும் முறை நுண் உட்செலுத்தல் எனப்படும். பொருளை உள்ளே சேர்ப்பது இதில் பாதிப்பணியே; துளைக்கப்பட்ட செல் பிழைத்திருப்பதே முழு வெற்றி. சுண்டெலியின் சினைமுட்டையில் எழுந்த சிக்கலையும் அதன் தீர்வையும் முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

சிக்கல்

1992-இல் பிரசெல்ஸ் நகர ஆய்வாளர்கள், ஒற்றை விந்தணுவை மனிதச் சினைமுட்டையினுள் செலுத்திப் பெற்ற கருத்தரிப்புகளை அறிவித்தனர். அதில் கூரிய கண்ணாடி நுண்குழல் பயன்பட்டது. மனித முட்டையின் சவ்வு துளையை எளிதில் மூடிக்கொள்ளும். ஆனால், இதே முறையைச் சுண்டெலியிடம் கையாண்டபோது பெரும்பாலான முட்டைகள் சிதைந்தன. அவற்றின் சவ்வு அத்துளையைத் தாங்கவில்லை.

தீர்வு

1995-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிமுரா, யனகிமாச்சி ஆகியோர் அழுத்தமின் விளைவால் இயங்கும் நுண்குழலைப் பயன்படுத்தினர். மின்னழுத்தம் தரப்படும்போது சில படிகங்கள் மிக நுண்ணிய அளவில் நீள்கின்றன அல்லது சுருங்குகின்றன. அவ்வசைவு நுண்குழலுக்குத் துடிப்பாகக் கடத்தப்படுகிறது. இக்குழலின் நுனி கூராக்கப்படுவதில்லை, தட்டையாகவே விடப்படுகிறது. முதலில் சில துடிப்புகளால் முட்டையின் வெளியுறை துளைக்கப்படுகிறது. பின்னர்ச் சவ்வைக் கிழிக்காமல், அதனை உள்நோக்கி அழுத்தியவாறே குழல் ஆழமாகச் செலுத்தப்படுகிறது. இறுதியில் ஒரு மென்துடிப்பு மட்டும் தரப்பட, சவ்வு நுனியருகே திறக்கிறது. விந்தணுவின் தலையை மிகக் குறைந்த நீர்மத்துடன் இட்டபின் குழல் மெல்ல வெளியே எடுக்கப்படுகிறது. இம்முறையில் சுமார் 80 விழுக்காட்டு முட்டைகள் பிழைத்தன.

பயனும் குறையும்

1998-இல் வாகாயாமா குழுவினர் இதே கருவியால் உடற்செல் உட்கருக்களை, உட்கரு நீக்கிய முட்டைகளில் செலுத்திப் படியாக்கச் சுண்டெலிகளை உருவாக்கினர். எனினும், துளைக்கும் திறனை மேம்படுத்தக் குழலினுள் சிறிதளவு பாதரசம் இடப்பட்டது. அதன் நச்சுத்தன்மை கருதி, புளோரின் சேர்ந்த கனநீர்மங்கள் பின்னர் மாற்றாகக் கையாளப்பட்டன.

முடிவுரை

கருவியைக் கூர்மையாக்குவதே முன்னேற்றம் என்னும் எண்ணத்தை இந்நிகழ்வு மறுக்கிறது. சவ்வு எப்போது, எவ்விடத்தில், எவ்வளவு திறக்கவேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தியதே இங்குப் பயன் தந்தது. எனவே, தட்டை நுனியுடைய இக்கருவியைத் தமிழில் ‘நுண்ணூசி’ என்பதைவிட ‘நுண்குழல்’ என்பதே பொருந்தும். கலைச்சொல் ஆக்குவோர் கருவியின் தோற்றத்தோடு அதன் செயல்முறையையும் கருத்தில் கொள்ளவேண்டும்.