குங்கிலியத்தில் சிக்கிய ஈ

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனிகளில் சூரத் என்றால் துணிச் சந்தைதான் நினைவுக்கு வரும். அந்தச் சூரத்துக்கு வடகிழக்கே, வஸ்தானில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஒன்று உண்டு. அங்கே கரிக்கு நடுவே மஞ்சளும் செம்பழுப்புமாக அம்பர் கட்டிகள் கிடைக்கின்றன. மரத்தில் வழிந்த பிசின், 5 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்குள் கிடந்து இறுகியதுதான் இந்த அம்பர். நாம் புகைபோடும் குங்கிலியத்தைத் தரும் மரக்குடும்பமே இதையும் கசியவிட்டது. ஜெஸ் ரஸ்ட், ஹுகம் சிங், ராஜேந்திர ராணா முதலானோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அம்பரிலிருந்து 55 குடும்பங்களைச் சேர்ந்த 700க்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி முதலியவற்றின் உடல்களைப் பதிவு செய்தார்கள். இது முழுக்கக் கல்லாகிப்போகாத அம்பர். ஆகவே தகுந்த திரவத்தில் கரைத்து, பூச்சியை முழு உடலோடு வெளியே எடுக்கவும் முடிகிறது.

2017இல் இந்த அம்பரில் கிடைத்த புதிய கடி ஈக்களுக்குப் பெயர் சூட்டினார்கள். ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புகிறதே, அந்தப் பொடி ஈயின் குடும்பம்தான். மெயுனியரோஹெலியா கம்பயானா என்பது அவற்றில் ஒன்று. இந்தப் பேரினம் ஐரோப்பாவின் பால்டிக் அம்பரில் ஏற்கெனவே அறியப்பட்டது. இந்த உறவுதான் வியப்பு. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிடமிருந்து பிரிந்த இந்தியா, ஆசியாவில் முட்டும்வரை தனித் தீவாக மிதந்து வந்தது என்றுதான் படித்திருக்கிறோம். அப்படியானால் வேறெங்கும் இல்லாத உயிர்களே இங்கே மிகுந்திருக்க வேண்டும். ஈக்கள் காட்டுவது வேறு: நிலம் விலகியிருந்தது, உயிர்களின் போக்குவரத்து அற்றுப்போகவில்லை.

பொடி ஈயைக் காற்றே கடல் தாண்டிக் கொண்டுபோகுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஒரே ஒரு ஈயை வைத்து இதைச் சொன்னால் நானும் ஏற்கமாட்டேன். ஆனால் அதே அம்பரில் உள்ள மற்றப் பூச்சிகள் பலவும் வெளிநிலத்து உறவையே காட்டுகின்றன. அத்தனையையும் காற்றின் கணக்கில் எழுத முடியாது. இடையில் தீவுத் தொடர்கள் படிக்கற்களாக இருந்திருக்கலாம் என்பதே பொருத்தமாகப் படுகிறது. ஆசியாவுடனான மோதல் இந்த அம்பர் உருவாகும் முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது இன்னொரு மறுப்பு. தொடங்கியிருந்தாலும், இவ்வளவு வகைகள் அதற்குள் வந்து பரவிவிட்டன என்றால் வாசல் அதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும். பால்டிக் அம்பர் வஸ்தான் அம்பரைவிட இளையது என்பதையும் கவனியுங்கள்: இந்த ஈக்கள் வடக்கிலிருந்துதான் வந்தன என்று அடித்துச் சொல்ல வழியில்லை, இங்கிருந்தும் போயிருக்கலாம்.

இவ்வளவு சொல்லும் இந்த அம்பர், சுரங்கத்தில் பொறுக்காமல் விட்டால் கரியோடு உலைக்குள் போய் எரிந்துவிடும். கரி வெட்டும் இடத்திலேயே அதைப் பிரித்தெடுத்துக் காக்க அரசு நிரந்தர ஏற்பாடு செய்ய வேண்டும்.