நாள் குறிக்கும் இயந்திரம் – 7: காலியா என்று மட்டும் கேட்கலாம்

சென்ற வாரம் ராடிகாலே என்னும் காலண்டர் சர்வரை வீட்டுக் கணினியொன்றில் ஏற்றி ஓடவிட்டோம்; தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். ஒரே காலண்டரில் பலர் எழுதும் அதிகாரத்தை இந்த வாரம் விவரிப்பதாகத்தான் வாக்களித்திருந்தேன். ஆயினும், காலண்டர்களைப் பகிர உதவும் கால்டேவ் நெறிமுறையின் மூல சாசனமாகிய, 2007 மார்ச்சில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 4791-ஐ வேறொரு சந்தேகத்தின் நிமித்தம் புரட்டியபோது, அதன் ஆறாம் பிரிவில் அகப்பட்ட ஒரு சங்கதி என்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேனென்கிறது.

ஆவணியோ தையோ பிறந்துவிட்டால், புதுக்கோட்டையில் திருக்கோகர்ணத்திலிருந்து கீழராஜவீதி வரையில், கல்யாண மண்டபத்து மானேஜரும் நாதஸ்வரக் கோஷ்டியாரும் சமையல்காரரும் பந்தல்காரரும் ஒருவரையொருவர் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: அந்தத் தேதி காலியா? யார் வீட்டுக் கல்யாணம், எவ்வளவு அட்வான்ஸ் என்பன கேட்பவருக்கு அவசியமில்லாதவை. தொழில் தர்மப்படி சொல்பவர் வெளியிடக் கூடாதவை. காலண்டரைப் படிக்கும் அதிகாரத்தை வழங்கினால் சகலமும் அம்பலமாகும். மறுத்தாலோ, காலியா என்பதுகூடத் தெரியாது. இந்தச் சங்கடத்துக்கு நிவர்த்தியாகத்தான், விவரமேதும் காட்டாமல், எந்த நேரம் அடைபட்டிருக்கிறது, எந்த நேரம் ஒழிவாயிருக்கிறது என்பதை மட்டும் அறியும் பிரத்யேக அதிகாரம் ஒன்றை அந்த சாசனம் ஸ்தாபித்திருக்கிறது. படிக்கும் அதிகாரம் பெற்றவருக்கு இதுவும் தானே உண்டு. ஆனால் படிக்கும் அதிகாரத்தைத் தராமலே இதை மட்டும் தனித்து வழங்க சர்வர் கட்டாயம் இடமளிக்க வேண்டும் என்றும், இது மட்டும் பெற்றதனாலேயே அந்தக் காலண்டரைத் திறந்து பார்க்கும் பாத்தியதை வந்துவிடாது என்றும் அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். மேலும், ஏகாதசி, நண்பரின் பிறந்தநாள் போன்ற குறிப்புகளை நேரத்தை அடைக்காதவை என்று நாம் குறித்துவைத்தால், பதில் சொல்லும்போது சர்வர் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எத்தனை சூக்ஷ்மம்!

அதிகாரத்தை இப்படிக் கூறு போட்டு வழங்கும் சாமர்த்தியம் இந்தச் சீமைக்குப் புதிதன்று. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் அச்சிட்டு வெளியிட்ட 1,130 சாசனங்களின் தொகுப்பில், 14, 15-ஆம் நூற்றாண்டுகளில், மேலதிகாரம் தளர்ந்து வழிப்பறியும் படையெடுப்பும் மிகுந்த காலத்தில், ஊரார் கூடிப் பாடிகாவல் என்னும் ஊர்க்காவல் உரிமையை ஒரு தலைவருக்கு எழுதிக் கொடுத்து, அதற்கு ஈடாக விளைச்சலில் ஒரு பங்கை நிர்ணயித்த செய்திகள் பல உண்டு. நிலம் ஊராரிடமே இருக்க, காவல் மட்டும் கைமாறிற்று. இதைப் பற்றியே ஒரு தனித் தொடர் எழுதலாம். ஆசிரியர் முகம் சுளிப்பார்.

இனி, நாலைந்து வாசகர்கள் கேட்டிருந்த விவகாரத்துக்கு வருகிறேன். ராடிகாலேயில் பகிர்ந்த காலண்டர் குடும்பத்தாருக்குத் தெரியவில்லை என்பவர்கள் முதலில் சர்வரின் பதிவேட்டில் விழுந்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். 401 என்றால், வந்தவர் இன்னாரென்பதே சர்வருக்கு ருசுவாகவில்லை. பாஸ்வேர்டையும் பயனர் பெயரையும் சோதியுங்கள், பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ராடிகாலே இயல்பாக வேறு வேறாகவே பாவிக்கும். 403 என்றால், ஆளைத் தெரிகிறது, அனுமதிதான் இல்லை. குற்றம், யாருக்கு என்ன அனுமதி என்று எழுதிவைக்கும் உரிமை ஃபைலில் இருக்கிறது. அந்த ஃபைலில் விதிகளை மேலிருந்து கீழாக ஒப்பிட்டுக்கொண்டு வந்து, முதலில் பொருந்தும் விதியோடு சர்வர் நின்றுவிடுமாகையால், எல்லாருக்கும் பொதுவான விதியை மேலே வைத்துவிட்டு, மாமனாருக்கான விசேஷ விதியைக் கீழே எழுதுவதில் பிரயோஜனமில்லை. எந்த விதியும் பொருந்தாவிட்டால் மறுப்புத்தான். காலண்டரைப் படிக்கச் சிறிய ‘ஆர்’, அதற்கு மேலுள்ள பயனர் தொகுப்பைப் படிக்கப் பெரிய ‘ஆர்’ என்ற பேதத்தையும் கவனியுங்கள்.

அனுமதியெல்லாம் சரியாயிருந்தும் கைபேசியில் ஒன்றும் தோன்றாவிட்டால், பிழை பெரும்பாலும் அனுமதியில் இல்லை. பல காலண்டர் செயலிகள் பயனருடைய சொந்த இருப்பிடத்தை மட்டுமே தேடுவதால், பிறர் பகிர்ந்த காலண்டரின் முழு முகவரியை நாமே இட வேண்டும். அங்கே உரிமை ஃபைலை மணிக்கணக்காக நோண்டுவது வீண் சிரமம்.

காலியா என்று மட்டும் அறியும், நான் வியந்த அந்த அதிகாரத்துக்கென்று தனிக் கட்டமே வைத்திருப்பது டேவிகால் என்னும் வேறொரு சர்வர், பி.எச்.பி.யில் எழுதப்பட்டுப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின்மேல் ஓடுவது. அதை நிறுவி, மண்டபத்து மானேஜரையும் நாதஸ்வரக்காரரையும் அதில் ஏற்றுவதற்குள் இதழுக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டது. பலர் சேர்ந்து எழுதும் அதிகாரமும், முகூர்த்தம் தள்ளிப்போனால் தேதியை மாற்றும் பாத்தியதை யாருக்கு என்பதும் அடுத்த வாரம்.