பிள்ளை கேட்கும் கண்டோஸும் வீட்டுத் தேங்காயும்

யாழ்ப்பாணத்தில் சொக்லேற்றுக்குப் பெயர் கண்டோஸ். உண்மையில் அது கண்டிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் வர்த்தகப் பெயர். ஆனால் எந்த நாட்டில் செய்தாலும், எந்தத் தாளில் சுற்றி வந்தாலும் எமது பிள்ளைகளுக்கு அது கண்டோஸ்தான். சந்திக் கடையில் வாங்குவதும் கண்டோஸ், கனடாவிலிருந்து மாமி அனுப்பிய பொதியில் வருவதும் கண்டோஸ். வெளிநாட்டில் உறவினர் உள்ள வீட்டுக்கு அது பெட்டியாக வருகின்றது. எவரும் இல்லாத வீட்டுக்கு, தாய் அன்றாடக் கூலியில் மிச்சம் பிடித்த காசில் ஒரு துண்டாக வருகின்றது. அயல் வீட்டுப் பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு மிகச் சிறுவயதிலேயே விளங்கிவிடுகின்றது.

இன்று நல்லூர், கொக்குவில், கோண்டாவில் பக்கங்களில் பிள்ளை வளர்க்கும் தாய்மாரில் பலர் 1990களின் பொருளாதாரத் தடைக்குள் சிறுவர்களாக இருந்தவர்கள். சீனி கிடைக்காத நாட்களில் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தவர்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு மழையில் நடந்தவர்கள். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டு, கப்பலில் வரும் பொருளுக்காக வரிசையில் நின்றவர்கள். நான் அனுபவிக்காததை என் பிள்ளையாவது அனுபவிக்கட்டும் என்று இவர்கள் நினைப்பதில் தவறில்லை. கணவனை இழந்து அல்லது அவர் எங்கே என்று தெரியாமலே குடும்பத்தைத் தனித்து நடத்தும் சகோதரிகளிடம் இந்த எண்ணம் இன்னும் ஆழமாக இருக்கின்றது. எனவே, பிள்ளைக்கு இனிப்பே கொடுக்காதீர்கள் என்று அறிவுரை கூற எனக்கு மனமில்லை. அதே விருப்பத்தை எமது அடுப்படியிலேயே, குறைந்த செலவிலும் கூடிய சத்துடனும் எப்படி நிறைவேற்றலாம் என்றுதான் பார்க்க வேண்டியிருக்கின்றது.

முதலில், கடையில் வாங்கும் இனிப்பில் என்ன இருக்கின்றது? சாதாரண பால் சொக்லேற்றின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி சீனி. மலிவான வகைகள் பலவற்றில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்புச் சேர்க்கப்படுகின்றது. கொக்கோ எமது வரண்ட மண்ணில் விளைவதில்லை. இலங்கையில் மாத்தளை, கண்டி போன்ற இடங்களில் சிறிதளவு விளைகின்றது. உலகின் கொக்கோவில் அரைவாசிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்தே வருகின்றது. அங்கே விளைச்சல் பாதிக்கப்பட்டதால் 2024இல் உலகச் சந்தையில் ஒரு தொன் கொக்கோ 10,000 டொலரையும் தாண்டியது. சந்திக் கடைக் கண்டோஸ் சிறுத்துக்கொண்டே போக, விலை ஏறிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொக்கோ தூளையும் தேங்காய் எண்ணெயையும் கலந்து உறைய வைத்தால் வீட்டிலேயே சொக்லேற் செய்யலாம் என்று சிலர் செய்து காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது குளிர்நாட்டு அடுப்படிக்குச் சரி. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். மார்கழி விடியலில் மட்டும்தான் அது எங்கள் போத்தலில் உறைந்து நிற்கும். கொக்கோ வெண்ணெயும் 34 பாகையளவில் உருகுவதால்தான் சித்திரை வெயிலில் கடைக் கண்டோஸ்கூடத் தாளோடு ஒட்டிக்கொள்கின்றது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் எண்ணெயை நம்பினால் கையில் களிதான் மிஞ்சும். எங்கள் அம்மம்மாமார் எள்ளுருண்டைக்குப் பிடித்த பாகுதான் இந்தச் சூட்டுக்கு ஏற்றது. அது வெயிலுக்கு உருகாது.

கொக்கோ தேங்காய் உருண்டை செய்வதற்குத் தேவையானவை: தேங்காய்ப்பூ 2 சுண்டு (சுண்டு என்பது ரின்பால் பேணி அளவு), பனங்கட்டி 150 கிராம், தோல் நீக்கி வறுத்து இடித்த கச்சான் அரைச் சுண்டு, கொக்கோ தூள் 3 மேசைக்கரண்டி, ஏலக்காய் இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை. கொக்கோ தூள் வாங்கும்போது இனிப்புச் சேர்க்காததா என்று பொதியை வாசித்துப் பாருங்கள். குடிபானத்துக்கென்று விற்கும் சொக்லேற் தூளில் பெரும்பகுதி சீனியே.

தேங்காயைத் திருவும்போது சிரட்டையை ஒட்டிய கறுப்புப் பகுதி வராமல் நிறுத்திக்கொள்ளுங்கள். தாச்சியில் எண்ணெய் விடாமல், மெல்லிய நெருப்பில் தேங்காய்ப்பூவை ஈரம் வற்றும்வரை வறுக்க வேண்டும். சிவக்கக்கூடாது, கையில் எடுத்தால் உதிர வேண்டும். இந்த வேலையில் அவசரப்பட்டால் உருண்டை மறுநாளே புளித்துவிடும். பனங்கட்டியைக் கால் சுண்டு தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடித்துக்கொள்ளுங்கள். பதநீர் இறக்கும்போது சேர்த்த சுண்ணாம்பும் குட்டானில் ஒட்டிய தூசியும் அடியில் இருக்கும். வடித்ததைக் காய்ச்சி, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் மென்மையாக உருண்டு வரும் பதத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். கொக்கோ தூளை இரண்டு மேசைக்கரண்டி சுடுதண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்துப் பாகில் சேர்த்து, பின்னர் தேங்காய்ப்பூ, கச்சான், ஏலக்காய், உப்பு எல்லாவற்றையும் போட்டுக் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டில் உள்ளங்கையில் சிறிது எண்ணெய் தடவி உருட்டினால் சுமார் 20 உருண்டைகள் வரும். மூடிய போத்தலில் இரண்டு மூன்று நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதில் சத்து எங்கிருந்து வருகின்றது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேங்காயில் சக்தி உண்டு, ஆனால் புரதம் குறைவு. அதன் கொழுப்பும் பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பே. புரதத்தைக் கொடுப்பது கச்சான்தான். 100 கிராம் கச்சானில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கின்றது. எனவே கச்சானை மிச்சம் பிடிக்காதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும் ஆபத்து உள்ளதால் நன்றாக இடித்தே சேருங்கள். கச்சான் ஒவ்வாத பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டில் செய்தது என்பதால் அளவில்லாமல் கொடுக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. மேற்சொன்ன அளவில் ஒரு உருண்டையில் ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி இனிப்பு உண்டு. பனங்கட்டியும் உடம்புக்குள் போனால் சீனிதான். நீரிழிவு உள்ள அம்மம்மாவுக்கு "பனங்கட்டிதானே" என்று நீட்டுவது எமது ஊரில் வழமையான பிழை. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு ஆறு தேக்கரண்டி அளவுக்குள் இனிப்பை நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. பிள்ளைக்கு இதனிலும் குறைவாகவே இருக்க வேண்டும். இலங்கையில் 2019 முதல் பொதி செய்த உணவுகளுக்கு வர்ணக் குறியீடு வந்துள்ளது. 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அந்தக் கணக்கில் எமது உருண்டையும் சிவப்புத்தான்! பாடசாலை விட்டு வந்ததும் பிள்ளைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று போதும். தாய்க்கு ஒன்று என்பதை அழுத்தியே எழுதுகின்றேன். கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடும் பழக்கம் எம்மில் பலரை இன்னும் விடவில்லை.

இனிப்பை இன்னும் குறைக்க விரும்புபவர்கள் குரக்கன் புட்டுக்குள் இதே கைப்பக்குவத்தைக் கொண்டுபோகலாம். வறுத்த குரக்கன் மாவில் ஒரு மேசைக்கரண்டி கொக்கோ தூளையும் உப்பையும் கலந்து, வழமைபோலக் குழைத்துத் தேங்காய்ப்பூவுடன் அவித்து, இறக்கியபின் சிறிதளவு பனங்கட்டியைச் சீவித் தூவினால் போதும். கறுப்பாக இருக்கின்றது என்று குரக்கனை ஒதுக்கும் பிள்ளைக்கு அதே கறுப்பு இப்போது கண்டோஸ் நிறமாகிவிடும். ஒரே நிறைக்குப் பார்த்தால் குரக்கனில் பாலிலும் கூடிய கல்சியம் இருக்கின்றது.

விற்கலாமா என்று சகோதரிகள் சிலர் கேட்கின்றார்கள். விற்கலாம். ஆனால் இதற்கென்று நுண்கடன் எடுக்க வேண்டாம். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்த 2018ஐ நாம் மறக்கவில்லை. ஒரு தேங்காயில் தொடங்கி, சொல்லிவைத்தவர்களுக்கு மட்டும் செய்யுங்கள். தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டி விற்ற காலத்தையும் அண்மையில் கண்டோம். ஆகவே திருநெல்வேலிச் சந்தையில் அன்றன்று என்ன விலை என்று பார்த்தே உருண்டையின் விலையைத் தீர்மானியுங்கள். விறகு அல்லது எரிவாயு, நீங்கள் தாச்சியடியில் நின்ற நேரம் இரண்டையும் கணக்கில் எழுதுங்கள். பெண்ணின் நேரத்துக்கு விலை போடாத கணக்கில் இலாபம் இருப்பதுபோலத் தோன்றும், கையில் காசு இராது.

பொதி செய்து கடைக்குக் கொடுப்பதானால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் பொருந்தும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே சந்தித்து அடுப்படியைக் காட்டுங்கள். பொருளின் பெயர், சேர்த்தவை, நிறை, விலை, செய்த திகதி, முடிவுத் திகதி, உங்கள் முகவரி என்பன சுட்டியில் தெளிவாக இருக்க வேண்டும். கச்சான் சேர்ந்திருப்பதைத் தனியாகவும் எழுதுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலடியில் கச்சான் கடைகளில் சனம் நிறைந்திருக்கும். அந்த நாட்களில் வீட்டுக்கு விருந்தினரும் வருவார்கள். முதல் தடவை செய்து பார்ப்பதற்கு அதற்கு முந்திய மாதம் வசதியானது. பாகின் பதம் கைக்குப் பிடிபட இரண்டு மூன்று முறையாவது வேண்டும்.