சோதனைக்கும் ஒரு சோதனை

தமிழிலக்கண நூலார் சொற்களின் ஆட்சியை வழாநிலை, வழு, வழுவமைதி என மூவகையாகப் பகுத்துக் காண்பர். முறைப்படி அமைவது வழாநிலை. முறை பிறழ்வது வழு. பிறழ்ந்ததாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் என்பதை மாணவர் அறிவர். இப்பழஞ்சொல் இன்று கணிப்பொறித் துறையிலும் குடியேறியுள்ளது. நிரலில் நேரும் பிழையைத் தமிழில் எழுதுவோர் 'வழு' என்றே வழங்குகின்றனர். சொல்லோடு அதன் பின்னுள்ள சிந்தனையும் அத்துறைக்குப் பொருந்தி வருதலை இக்கட்டுரையில் காண்போம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே நுண்ணியது. பிழை கண்டுபிடிப்பதற்கென்றே எழுதப்பட்ட சோதனை நிரலில் பிழை நேர்ந்தால் அதனைத் திருத்துவது எங்ஙனம், அத்திருத்தத்தை மதிப்பிடுவது எங்ஙனம் என்பதே அது.

உட்கரு என்பது யாது?

கணிப்பொறியை இயக்கும் மென்பொருள் இயக்குதளம் எனப்படும். அதன் நடுவே அமைந்து, நினைவகத்தைப் பங்கிட்டும், பல நிரல்களுக்கு முறைவைத்து நேரம் ஒதுக்கியும், வட்டு, வலைப்பின்னல் முதலிய கருவிகளோடு உரையாடியும் நிற்கும் பகுதியே உட்கரு. இதனைக் கெர்னல் என்பர். உட்கருவில் நேரும் வழு தன்னளவில் நில்லாது, தன்மேல் இயங்கும் நிரல்கள் அனைத்தையும் தாக்க வல்லது.

உலகில் மிகுதியாகப் பயன்படும் உட்கருக்களுள் ஒன்று லினக்ஸ். ஃபின்லாந்து நாட்டு ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு இதனை வெளியிட்டார். 1994 மார்ச்சில் 1.0 என்னும் பதிப்பு வந்தது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடிப்படையாயிருப்பது இவ்வுட்கருவே. உலகின் விரைவுமிக்க ஐந்நூறு மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெற்றவை யாவும் லினக்ஸ் கொண்டு இயங்குவனவே. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருகிறது. அண்மைப் பதிப்புகள் பலவற்றில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இடம்பெற்றுள்ளன. இத்துணை மாற்றங்களுக்கிடையே பழைய வசதி ஒன்று சிதைந்ததா என்பதை மனிதர் கண்ணால் மட்டும் பார்த்து அறிதல் இயலாது. அதற்காகவே சோதனை நிரல்கள் எழுதப்படுகின்றன.

சோதனை நிரல் கூறும் சான்று

லினக்ஸ் உட்கருவின் மூலநிரலோடு சோதனை நிரல்களும் சேர்ந்தே வருகின்றன. அவற்றுள் கேசெல்ஃப்டெஸ்ட் என்னும் தொகுதி பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியே நின்று, சாதாரண நிரல் ஒன்று வேண்டுவது போல உட்கருவிடம் பணிகளை வேண்டி, வரும் விடையைச் சரிபார்ப்பது. கேயூனிட் என்பது உட்கருவின் உள்ளேயே இயங்கி, அதன் சிறு சிறு உறுப்புகளைத் தனித்தனியே சோதிப்பது. இது 2020 ஜனவரியில் வந்த 5.5ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

கேசெல்ஃப்டெஸ்ட் தன் முடிவை ஓர் எண்ணால் உரைக்கும். 0 என்றால் வெற்றி. 1 என்றால் தோல்வி. 2 என்றால் எதிர்பார்த்த தோல்வி. 4 என்றால் இந்தக் கணிப்பொறியில் இச்சோதனையை நடத்தத் தேவையான வசதி இல்லாமையால் தவிர்க்கப்பட்டது. இவ்வெண்ணை நம்பியே, உட்கருவைப் பேணுவோர் ஒரு மாற்றத்தை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்கின்றனர். எனவே சோதனை நிரல் வழக்கு மன்றத்துச் சாட்சியை ஒத்தது. சாட்சியே பிறழ்ந்தால் தீர்ப்பு என்னாகும்?

கல்லூரியில் நாம் அறிந்த ஒன்றைக் கொண்டும் இதனை விளக்கலாம். மாணவன் ஒருவன் விடையில் பிழை செய்தால் அவனுடைய மதிப்பெண் குறையும். மதிப்பீட்டுக்கு வைத்த விடைக்குறிப்பிலேயே பிழை இருந்தால், சரியாக எழுதிய அனைவரும் மதிப்பெண் இழப்பர். தவறாக எழுதியோர் பெறுவர். ஆதலின் விடைக்குறிப்பைத் திருத்துவோர்க்கு விடைத்தாளைத் திருத்துவோரினும் மிகுந்த விழிப்பு வேண்டும்.

இருவகை வழு

சோதனை நிரலின் வழுக்களைப் பயன்நோக்கி இரண்டாகப் பகுக்கலாம். ஒன்று, உட்கரு சரியாயிருக்கவும் 'தோல்வி' என்று கூறுதல். மற்றொன்று, உட்கரு பழுதுற்றிருக்கவும் 'வெற்றி' என்று கூறுதல்.

முதல்வகை எரிச்சலூட்டுவது. ஆயினும் எளிதில் வெளிப்படுவது. எடுத்துக்காட்டாக, ஒரு சோதனை வேறொரு செயலைத் தொடங்கிவிட்டு, ஒரு நொடி காத்திருந்து, அது ஆயத்தமாகிவிட்டது என்று கருதி மேலே செல்லும். விரைவான கணிப்பொறியில் இது வெல்லும். வேலை மிகுந்த கணிப்பொறியில் ஒரு நொடி போதாமல் தோற்கும். புலி வருகிறது என்று பன்முறை பொய்க்குரல் எழுப்பிய ஆட்டிடையன் கதைதான் இது. 'இந்தச் சோதனை எப்போதும் இப்படித்தான்' என்று பலரும் புறக்கணிக்கத் தொடங்குவர். உண்மையிலேயே புலி வரும் நாளிலும் எவரும் திரும்பிப் பாரார். இன்னொரு சோதனை, நினைவக அமைப்பின் அளவொன்றைத் தன் தேவைக்காக மாற்றிவிட்டு, முடிவில் பழைய நிலைக்கு மீட்காமல் போகும். அடுத்து வரும் சோதனை தோற்கும். பழி வேறொன்றின்மேல் விழும்.

இரண்டாம்வகை அமைதியானது, அதனாலேயே கொடியது. ஷெல் என்னும் கட்டளை மொழியில் நேரும் வழு ஒன்றைக் காண்போம். சோதனையின் வெளியீட்டைத் திரையில் காட்டவும் கோப்பில் பதியவும், அதனை 'டீ' என்னும் கட்டளையோடு குழாய்த்தொடராக இணைப்பது வழக்கம. தனியே விருப்பம் குறித்தாலன்றி, ஷெல் அத்தொடரின் இறுதிக் கட்டளை தரும் எண்ணையே முழுத்தொடரின் விடையாகக் கொள்ளும். சோதனை தோற்று 1 என்று கூறியிருக்கும். கோப்பில் பதியும் பணி குறையின்றி முடிந்து 0 என்று கூறியிருக்கும். வெளியே தெரிவது 0 மட்டுமே. இத்தகைய சோதனை ஆண்டுக்கணக்கில் வென்றுகொண்டே இருக்கலாம். வெல்லும் சோதனையை எவரும் ஐயுறுவதில்லை.

திருத்தத்தை மதிப்பிடும் முறை

வழுவைக் கண்டவர் திருத்தம் ஒன்றை எழுதி அனுப்புகிறார். அதில் ஒரு தலைப்பும், காரணம் கூறும் விளக்கமும், நீக்கிய வரிகளும் சேர்த்த வரிகளும் இருக்கும். 'ஃபிக்சஸ்' என்னும் குறிப்பில், வழு எந்தப் பழைய மாற்றத்தால் புகுந்ததோ அதன் அடையாள எண்ணின் முதற் பன்னிரண்டு எழுத்துகள் தரப்படும். அனுப்புவோர், அதனை அளிக்கும் உரிமை தமக்குண்டு என உறுதி கூறிப் பெயரெழுதும் 'சைன்டு ஆஃப் பை' என்னும் வழக்கம் 2004இல் ஏற்பட்டது. திருத்தத்தை ஆராய்ந்தவர் நிறைவுற்றால் 'ரிவ்யூட் பை' எனத் தம் பெயரைத் தருவார். தாம் நுணுகி ஆராய்ந்ததற்கும், தமக்குத் தெரிந்த குறை எதுவும் எஞ்சவில்லை என்பதற்கும் அக்கையொப்பம் அடையாளம். எக்காலத்தும் பிழை வாராது என்னும் உறுதிமொழியாக அதனைக் கொள்ளுதல் கூடாது.

மதிப்பீட்டாளர் முதலில் விளக்கத்தைப் படிப்பார். பாடவேறுபாடு ஒன்றை மறுக்கும் உரையாசிரியர் அதற்குக் காரணம் காட்டுவது போல, திருத்துவோரும் காரணம் காட்ட வேண்டும். தோல்வி எந்தக் கணிப்பொறியில், எந்த நிலையில் தோன்றியது? ஒவ்வொரு முறையும் தோன்றியதா, சில வேளைகளில் மட்டுமா? 'சோதனை தோற்றது, இப்போது வெல்கிறது' என்பது விளக்கமாகாது. அடுத்து, ஒரு திருத்தத்தில் ஒரு மாற்றமே உள்ளதா என்று நோக்குவார். வழுவைக் களைதலும் வரிகளை அழகுபடுத்தலும் கலந்திருப்பின் பிரித்தனுப்பக் கேட்பார்.

பின்னர் மருந்து நோய்க்கா, நோயின் குறிக்கா என்று ஆராய்வார. மேற்கூறிய காத்திருப்பு வழுவை, ஒரு நொடியை ஐந்து நொடியாக்கித் திருத்தியிருக்கலாம். இது வழுவை ஒத்திவைக்குமேயன்றி நீக்காது. இன்னும் மெதுவான கணிப்பொறியில் அவ்வழு மீண்டும் தோன்றும். சோதனை நேரமும் வீணே நீளும். தொடங்கப்பட்ட செயல் தான் ஆயத்தமானதைக் குழாய்வழியே ஒரு குறியனுப்பித் தெரிவிக்க, முதற் செயல் அக்குறிக்காக ஓர் எல்லைவரை காத்திருத்தலே முறையான திருத்தம்.

ஓர் எடுத்துக்காட்டு

இன்னும் நுட்பமான ஒன்றை அமைத்துக் காண்போம். உட்கரு நினைவகத்தைப் பக்கங்களாகப் பங்கிடும். மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் ஒரு பக்கம் 4096 பைட். ஏஆர்எம் வகையின் 64 பிட் கணிப்பொறிகளிலோ, உட்கருவை அமைக்கும் முறைக்கேற்ப 4, 16 அல்லது 64 கிலோபைட்டாக இருக்கலாம். படிப்பதற்கு மட்டும் திறந்த கோப்பொன்றை நினைவகத்தில் பகிர்முறையில் பொருத்தி, அதன் இரண்டாம் பக்கத்தில் எழுதும் உரிமை வேண்டினால் உட்கரு மறுக்கிறதா என்று ஒரு நிரல் சோதிப்பதாகக் கொள்வோம். நிரலை எழுதியவர் இரண்டாம் பக்கம் 4096ஆம் பைட்டில் தொடங்கும் எனத் தாமே குறித்துவிட்டார். மறுப்பு வந்தால் வெற்றி என்றும் எழுதிவிட்டார்.

4 கிலோபைட் பக்கமுள்ள கணிப்பொறியில், 'அனுமதி இல்லை' என்னும் பொருள்படும் 13ஆம் பிழையெண்ணோடு மறுப்பு வரும். 64 கிலோபைட் பக்கமுள்ளதில் 4096 என்பது எப்பக்கத்தின் தொடக்கமும் ஆகாது. அங்கும் மறுப்பு வரும். ஆனால் 'முகவரி முறையன்று' என்னும் காரணத்தால், 22ஆம் பிழையெண்ணோடு வரும். சோதனை இரண்டிடத்தும் 'வெற்றி' என்றே கூறும். இரண்டாவது கணிப்பொறியில் அனுமதியைக் காக்கும் பகுதியே அழிந்துபோனாலும் அச்சோதனை வென்றுகொண்டிருக்கும். கணக்கைத் தவறாகப் போட்ட மாணவனுக்குத் தற்செயலாகச் சரியான விடை வந்தமை போன்றது இது.

இதற்குத் திருத்தம் எழுதுவோர், பக்க அளவை இயக்குதளத்திடமே கேட்டறியுமாறு மாற்றலாம். அது தேவையான மாற்றமே. ஆயினும் விழிப்புள்ள மதிப்பீட்டாளர் அம்மட்டில் அமையார். 'மறுப்பு வந்ததா என்று மட்டும் பாராமல், 13ஆம் எண்ணோடு வந்ததா என்றும் பார்க்கச் செய்க' என்பார். அதன்பின் இறுதி வினாவை எழுப்புவார்: திருத்திய இச்சோதனை, உட்கரு பழுதுற்றால் தோற்குமா? இதனை அறியும் வழி எளியது. மெய்நிகர்க் கணிப்பொறி ஒன்றில், அனுமதியைச் சரிபார்க்கும் வரிகளை உட்கருவிலிருந்து வேண்டுமென்றே நீக்கிவிட்டுச் சோதனையை இயக்க வேண்டும். சோதனை தோற்றால் திருத்தம் நன்று. அப்போதும் வென்றால், அது சோதனை என்னும் பெயரை மட்டுமே தாங்கி நிற்கிறது. வெல்லச் செய்வதே நோக்கமாயின் ஒப்பீட்டு வரியை அழித்துவிட்டால் போதும். தோற்க வேண்டிய இடத்தில் தோற்கச் செய்வதே திருத்தத்தின் பயன்.

வழுவமைதி

உட்கருவில் அறிந்த குறை ஒன்று இன்னும் களையப்படாதிருக்கலாம். அதனால் தோற்கும் சோதனையை 'எதிர்பார்த்த தோல்வி' எனக் குறிப்பதற்கே 2 என்னும் எண் உள்ளது. நம் இலக்கணத்து வழுவமைதியை இது பெரிதும் ஒத்திருக்கிறது. வழுவமைதிக்கு உவப்பு, உயர்வு, சிறப்பு முதலிய காரணம் கூறப்படுதல் போல, இங்கும் காரணம் கூறப்பட வேண்டும். காரணமின்றித் தோல்வியை அமைதி என்பது வழுவை மறைப்பதே. அவ்வாறே, தவிர்த்தலை வெற்றியாகக் கணக்கிடுதலும் தவறு. தேர்வுக்கு வாராத மாணவனைத் தேர்ச்சி பெற்றவனாகக் காட்டுவதை எவர் ஒப்புவர்?

புறக்கணிப்பின் விலை

சோதனைப் பகுதிதானே என்னும் அலட்சியம் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு, உட்கருவுக்கு வெளியே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். எக்ஸ்இசட் என்பது லினக்ஸ் இயக்குதளங்களில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் மென்பொருள். அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்ததை 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் உலகுக்கு அறிவித்தார். தொலைவிலிருந்து கணிப்பொறியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கண்டு, காரணம் தேடிச் சென்று அவர் இதனைக் கண்டறிந்தார். தீங்கு நிரல் ஒளிந்திருந்த இடம் யாது? சுருக்கும் முறையைச் சோதிப்பதற்கென வைக்கப்பட்ட மாதிரிக் கோப்புகளே. சிதைந்த கோப்பையும் மென்பொருள் தாங்குகிறதா என்று பார்க்க வைத்தவையாகத் தோன்றியமையால், அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கவில்லை. கள்வன் காவற்கூடத்திலேயே ஒளிந்திருந்தான் எனலாம்.

முடிவுரை

நிரலைச் சோதனை காக்கிறது. சோதனையை மதிப்பீட்டாளரின் விழிப்புக் காக்கிறது. அவ்விழிப்பின் சாரம் ஒரே வினாவில் அடங்கும்: 'தவறு நேர்ந்தால் இது தவறு என்று சொல்லுமா?' கணிப்பொறி பயிலும் மாணவர் புதிய வசதி படைப்பதையே பெருமையாகக் கருதிச் சோதனை நிரலைத் திருத்துவதைச் சிறுபணி என எண்ணுதல் கூடாது. மூலநிரல் எவரும் படிக்குமாறு திறந்தே உள்ளது. நுணுகிப் படித்து ஒரு வரியின் பிழையைக் காரணத்தோடு சுட்டிக்காட்டும் ஆற்றலே இப்பணிக்கு முதல். அவ்வாற்றலை இலக்கண வகுப்பிலும் வளர்த்துக்கொள்ளலாம். ஆய்வேட்டை மதிப்பிடும் ஆசிரியர்க்கும், வழக்கு கேட்டுத் தீர்ப்புரைக்கும் பெரியோர்க்கும் அவ்வினா பொருந்தும். எதைக் கேட்டாலும் 'ஆம்' என்னும் சாட்சியைவிட, சாட்சியே இல்லாமை நன்று.