துருவுவதா, அரிவதா?

எம்.ரெட்டியபட்டியிலிருந்து பிளஸ் ஒன் மாணவி ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய சித்தப்பா அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அங்கே பக் ஹில் என்ற பனிக்குன்றில் எடுத்த வீடியோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினாராம். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு இறங்கும் ஒருவர், ஒவ்வொரு வளைவிலும் கை தரையில் படும் அளவுக்குச் சாய்கிறார். விழாமல் எழுந்து அடுத்த பக்கம் சாய்கிறார். மாணவி கேட்கிறார்: "நாங்கள் கண்மாய்க் கரையில் பனைமட்டையில் உட்கார்ந்து சறுக்குவோம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மட்டை நேரேதான் போகும், இல்லாவிட்டால் குடைசாயும். அந்தப் பலகை மட்டும் எப்படித் திரும்புகிறது? இந்த வீடியோவை நம்பலாமா?"

நம்பலாம். ஆனால் "உடம்பைச் சாய்த்தால் பலகை திரும்பும்" என்று பல இடங்களில் எழுதிவைத்திருக்கும் விளக்கத்தை நம்ப வேண்டாம். அது சரியென்றால் பனைமட்டையும் திரும்பியிருக்க வேண்டும். மாணவி தன் கேள்வியிலேயே அந்த விளக்கத்தைத் தோற்கடித்துவிட்டார்.

விடை பலகையின் ஓரத்தில் இருக்கிறது. பனிச்சறுக்குப் பலகை, அதாவது ஸ்னோபோர்டு, மூக்கிலும் வாலிலும் அகலமாகவும் நடுவில் ஒடுங்கியும் இருக்கும். இரண்டு பக்கமும் எஃகு விளிம்பு. அந்த விளிம்பு நேர்கோடாக இல்லாமல் ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டாக உள்வாங்கியிருக்கும். வளைந்து வளைந்து இறங்குவதற்கென்றே செய்த ஆல்பைன் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பனியில் படும் விளிம்பு சுமார் ஒன்றரை மீட்டர், அந்த வட்டத்தின் ஆரம் 11 மீட்டர் என்று வைத்தால், நடுவில் உள்வாங்கல் இரண்டரை சென்டிமீட்டர்தான் வரும். பார்த்தால் பெரிதாகத் தெரியாது. எல்லா வேலையையும் செய்வது அந்த இரண்டரை சென்டிமீட்டர்தான்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் கெட்டி அட்டையை எடுத்து, ஒரு சாண் நீளத்துக்கு நாலு விரல் அகலத்தில் பட்டையாக வெட்டுங்கள். இரண்டு நீள ஓரங்களையும் உள்நோக்கி லேசாக வளைத்து வெட்டுங்கள். நடுவில் ஒவ்வொரு பக்கமும் அரை சென்டிமீட்டர் குறைந்தால் போதும். இப்போது அட்டையை மேசைமேல் சாய்த்து, ஒரு நீள ஓரத்தில் நிறுத்துங்கள். இரண்டு முனைகளும் மேசையைத் தொடும். நடுவில் ஒரு கீற்று இடைவெளி தெரியும். நடுவே விரலால் மெல்ல அழுத்துங்கள். இடைவெளி மறையும், அட்டை வில்லாக வளையும், மேசையைத் தொடும் ஓரம் ஒரு வளைகோடு ஆகிவிடும். அந்த ஓரத்தை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அட்டையை இன்னும் செங்குத்தாகச் சாய்த்து, மறுபடி அழுத்தி, மறுபடி கோடு போடுங்கள். இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடக் குறுகிய வட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கும். ஓரம் நேராக உள்ள அட்டையில் இதையே செய்து பாருங்கள்: இடைவெளியே இராது, வளைவும் வராது. பனைமட்டையின் கதை அதுதான்.

கணக்கும் எளிது. பலகை எத்தனை டிகிரி சாய்கிறதோ அதன் கொசைனால் விளிம்பின் ஆரத்தைப் பெருக்கினால், பனியில் விழும் வளைவின் ஆரம் வந்துவிடும். 11 மீட்டர் பலகை 45 டிகிரி சாய்ந்தால் சுமார் 7.8 மீட்டர், 60 டிகிரி சாய்ந்தால் ஐந்தரை. திருப்பத்துக்கென்று தனியாக ஸ்டீயரிங் எதுவும் தேவையில்லை. திரும்பவேண்டிய பாதை விளிம்பிலேயே வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு குறுக்கித் திரும்புவது என்பதைச் சாய்வு தீர்மானிக்கிறது.

இப்படி விளிம்பு வழியே ஓடுவதைத்தான் கார்விங் என்கிறார்கள். பனியில் இறங்கும் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. பலகையைக் குறுக்கே திருப்பி, பனியைச் சுரண்டிக்கொண்டு இறங்குகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் அரிவாள்மனை நன்றாகக் காட்டும். அதன் அலகில் காயை அலகின் நீளவாக்கில் இழுத்தால் சத்தமில்லாமல் அரிபடும். நுனியில் உள்ள துருவலில் தேங்காய் மூடியை வைத்து இழுத்தால் பூப்பூவாக உதிரும். ஒரே இரும்பு, இரண்டு வேலை. பலகையும் அப்படியே. விளிம்பின் நீளவாக்கில் ஓடினால் பனியை அரிகிறது. பின்னால் மெல்லிய ஒற்றைக் கோடு மட்டும் மிஞ்சும். குறுக்கே தள்ளினால் துருவுகிறது. பலகை அகலத்துக்குப் பனி சிதறும், வேகம் அதில் செலவாகும். அரிவாள்மனையில் அலகு நிற்கிறது, காய் நகர்கிறது. இங்கே மலை நிற்கிறது, அலகு நகர்கிறது. அலகு மழுங்கினால் தக்காளி நசுங்குவதுபோல, விளிம்பு மழுங்கினால் பலகை பிடியை விட்டு நழுவும். மனைமேல் உட்காருபவர் காலை ஊன்றி எடையைச் சரியாக வைக்காவிட்டால் மனை ஆடும்; பலகைமேல் நிற்பவர் எடையை வாலில் போட்டால் மூக்கு பனியைக் கவ்வாது. தேங்காய் முற்றிக் கொப்பரையாகிவிட்டால் துருவல் வழுக்கும். அலகை வைத்து அரிவதுதான் வழி. கொப்பரை வேறொரு காரணத்துக்காக மறுபடி வரும்.

இனி என்னை மிகவும் கவர்ந்த இடத்துக்கு வருகிறேன். சைக்கிளோ பைக்கோ வளைவில் திரும்பும்போது எவ்வளவு சாயவேண்டும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு: வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தையும் வளைவின் ஆரத்தையும் பெருக்கிவந்த தொகையால் வகுத்தால், சாய்வின் டேன்ஜென்ட். சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹே நகரில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1,000 மீட்டர் தங்கம் வென்றார். அவர் வளைவில் சாய்வதும் இந்தக் கணக்கின்படிதான். அவர் விரும்பிய ஆரத்தில் திரும்பலாம். காலை மாற்றி மாற்றி வைத்துப் பாதையைக் குறுக்கலாம், விரிக்கலாம். எந்த வேகத்துக்கும் அதற்குரிய சாய்வு ஒன்று உண்டு.

பனிப்பலகைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. சாய்வைக் கூட்டினால் ஆரம் தானாகக் குறைகிறது. ஆரம் குறைந்தால் இன்னும் சாயவேண்டியிருக்கிறது. இரண்டு கணக்கையும் ஒன்றில் மற்றொன்றைப் பொருத்தினால் டேன்ஜென்டும் கொசைனும் சேர்ந்து அழகாகச் சுருங்குகின்றன: வேகத்தின் வர்க்கம் என்பது புவியீர்ப்பு முடுக்கம், விளிம்பின் ஆரம், சாய்வின் சைன் ஆகிய மூன்றின் பெருக்கல். எடை இதில் வரவே இல்லை. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே கணக்கு.

எண்களைப் போட்டுப் பாருங்கள். 11 மீட்டர் பலகையில் 30 டிகிரி சாய்வுக்கு வேகம் மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர். 45 டிகிரிக்கு 31. 60 டிகிரிக்கு 35. 75 டிகிரிக்கு 37கூட எட்டாது. சைனின் மதிப்பு ஒன்றைத் தாண்டாது என்பதால், 37 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியதும் இந்தப் பலகையால் சறுக்காமல், சுரண்டாமல் திரும்ப முடியாது. இது சமதளத்துக்கான கணக்கு. சரிவில் வளைவின் கீழ்ப்பாதியில் புவியீர்ப்பும் வெளியே இழுப்பதால் வரம்பு இன்னும் கொஞ்சம் இறங்கும். உலகையே படுக்கவைத்ததுபோலத் தெரியும் அந்த வீடியோக் காட்சிக்கு, அருப்புக்கோட்டை சாலையில் மொபெட் போகும் வேகம் போதும்.

அதனாலேயே அது கடினமும்கூட. 60 டிகிரிக்கும் 75 டிகிரிக்கும் இடையே வேக வித்தியாசம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. கொஞ்சம் வேகம் கூடினால் உடம்பு சட்டென்று தரைக்கு இறங்கிவிடும். 60 டிகிரியில் கால்கள் உடல் எடையைப்போல இரண்டு மடங்கைத் தாங்கவேண்டும். 75 டிகிரியில் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு நொடிக்குமேல் நிற்பது பெரும்பாடு. ஆகவே 75, 80 டிகிரி என்று எழுதி வரும் படங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். மலைச்சரிவோடு சேர்த்துக் கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் 50 டிகிரி 70 ஆகத் தெரியும். சாய்வை அளப்பதாகச் சொல்லும் போன் செயலிகளும் இருக்கின்றன. முடுக்கமானியை மட்டும் நம்பும் செயலி, சமநிலையோடு சாய்ந்திருப்பவரை நேரே நிற்பதாகவே காட்டும். ஏனென்றால் அப்போது மொத்த விசையும் உடம்பின் நீளவாக்கிலேயே அழுத்துகிறது. பலகைக்குள் வைக்கும் டைட்டனால் தகட்டைப் பற்றியும் பெரிய பேச்சு உண்டு. அது ஓர் அலுமினியக் கலவை. அதிர்வைக் குறைக்கிறது, விளிம்பு பிடியை விடாமல் இருக்க உதவுகிறது, அவ்வளவுதான். 11 மீட்டர் பலகையின் வேக வரம்பை எந்தத் தகடும் உயர்த்தாது.

வரலாறு சுருக்கமாக. 1965 கிறிஸ்துமஸ் அன்று மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக, காலுக்கு ஒன்றாகக் கட்டும் ஸ்கீக்கள் இரண்டைச் சேர்த்துப் பூட்டினார். அது 'ஸ்னர்ஃபர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1970களில் ஜேக் பர்ட்டனும் டாம் சிம்ஸும் அதைப் பலகையாக வளர்த்தார்கள். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு இடம்பிடித்தது. 1990களுக்கு முந்தைய ஸ்கீக்கள் கிட்டத்தட்ட நேரான ஓரம் கொண்டவை, ஆரம் 40 மீட்டருக்கும் மேல். சிறு சரிவின் அகலத்துக்குள் அவற்றின் வளைவு அடங்காது. ஆழமாக உள்வாங்கிய ஓரத்தை 1990களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் ஸ்கீக்குக் கொண்டுவந்த பிறகே ஸ்கீயிலும் கார்விங் பரவியது. இரண்டும் ஒரே வடிவியல் என்பதை 2018 பியோங்சாங் ஒலிம்பிக் காட்டியது: செக் நாட்டின் எஸ்டர் லெடெட்ஸ்கா ஸ்கீயில் ஒரு தங்கமும் ஸ்னோபோர்டில் ஒரு தங்கமும் வென்றார்.

இனி பக் ஹில். அதன் மொத்த உயரம் சுமார் 310 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. அதில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் இப்படிச் சிறு குன்றுகள் நிறைய உண்டு. குளிருக்குப் பஞ்சமில்லை, பொழியும் பனி மட்டும் போதாது. பீரங்கி போன்ற கருவிகளால் நீரைத் துளியாக்கித் தெளிக்கிறார்கள். காற்றின் ஈரத்தையும் கணக்கில் எடுத்த வெப்பநிலை மைனஸ் 2, 3 டிகிரிக்குக் கீழே போனால் துளி தரையில் விழுமுன் உறைகிறது. வானத்துப் பனிக்கு உள்ள ஆறு கைகள் இதற்கு இல்லை. உருண்டை உருண்டையாக நெருங்கி அமர்கிறது. இரவில் இயந்திரம் வைத்து அழுத்தி வாரிவிடுகிறார்கள். விடிந்தால் சரிவு முழுக்கக் கொப்பரை.

துருவி இறங்குபவர்களுக்கு இது பெருந்தொல்லை. அரிபவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பலகை வெட்டிய பள்ளத்தின் சுவர், இரண்டு மடங்கு எடையை இடிந்துவிடாமல் தாங்கவேண்டும். பொல பொலவென்ற புதுப்பனியால் அது ஆகாது. நம் நாட்டின் புகழ்பெற்ற இடம் காஷ்மீரின் குல்மார்க். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஜெயன்ட் ஸ்லாலம் பந்தயத்தில் 45ஆவதாக வந்த ஆரிஃப் கான் அந்தச் சரிவுகளில் வளர்ந்தவர். ஆனால் குல்மார்க்குக்கு உலகெங்கிலிருந்தும் ஆட்கள் வருவது முழங்கால் புதையும் புதுப்பனிக்காக. அங்கே பலகை தன் அடிப்பரப்பால் மிதக்கிறது. விளிம்பின் வடிவியல் பின்னால் போய்விடுகிறது. கார்விங் கற்க எங்கே போகலாம் என்று கேட்டால், இயந்திரம் அழுத்திவிட்ட சரிவு உள்ள இடமாகப் பார்த்துப் போகச் சொல்வேன்.

உயரம் குறைவு என்பதும் குறையில்லை. உயர்ந்த மலைகளின் பந்தயங்களுக்கு 20 மீட்டரும் அதற்கு மேலும் ஆரமுள்ள நீளப் பலகைகளை எடுத்துப்போகிறார்கள். 20 மீட்டருக்கு வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். பக் ஹில் போன்ற குன்றில் அந்த வேகம் எடுத்து அகன்ற வளைவுகள் சிலவற்றைப் போடுவதற்குள் சரிவு முடிந்துவிடும். 10, 11 மீட்டர் பலகையோ சீக்கிரமே தன் வேகத்தை எட்டி, அடிவாரம் வரை வளைவுமேல் வளைவாகப் போடுகிறது. கயிற்றைப் பிடித்து உடனே மேலே வந்து மறுபடி இறங்கலாம். பிற்காலத்தில் ஸ்கீ உலகை ஆண்ட லிண்ட்ஸி வான், எரிக் சைலர் என்ற பயிற்சியாளரிடம் சிறுவயதில் பழகியது இதே பக் ஹில்லில்தான்.

ஆல்பைன் பலகையின் மற்ற வினோதங்களுக்கும் சாய்வுதான் காரணம். சாதாரணப் பலகை நடுவில் 25 சென்டிமீட்டர் அகலம். இது 20 அளவில். குறுகிய பலகையில் பாதங்களைக் குறுக்கே வைத்தால் சாயும்போது கட்டைவிரலோ குதிகாலோ பனியில் இடித்து ஆளைத் தூக்கி எறியும். அதனால் பாதங்கள் இரண்டும் முன்பக்கமாகத் திரும்பியிருக்கும். கணுக்காலின் சிறு அசைவுகூட விளிம்புக்குப் போய்ச்சேர, கெட்டிப் பிளாஸ்டிக் பூட்ஸ்.

ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அரியும் பலகை பனியைச் சுரண்டுவதில்லை, உராய்வில் அதிகம் இழப்பதில்லை. சரிவில் வேகம் ஏறிக்கொண்டே போய் வரம்பைத் தாண்டாதா? தாண்டும், வளைவைப் பாதியில் விட்டால். தேர்ந்தவர் வட்டத்தை முடிக்கிறார். பலகை குறுக்கே போன பிறகும் சாய்வை விடாமல் பிடித்திருக்கிறார். அது மலையை நோக்கித் திரும்பி மேலே ஏறத் தொடங்குகிறது. 35 கிலோமீட்டரில் வந்தவர் செங்குத்து அளவில் 2 மீட்டர் ஏறினால் வேகம் 27 ஆகிவிடும். பிரேக் இல்லை, ஒரு துகள் பனி சிதறவில்லை; இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாக மாறி அங்கேயே நிற்கிறது. அந்த 27இல் அவர் மறுபக்க விளிம்புக்கு மாறும்போது, அடுத்த வளைவு 30 டிகிரிச் சாய்விலிருந்து தொடங்கும்.