பனி மேல் பழி போடாதீர்கள்!



மார்கழி விடிகாலையில் கிருஷ்ணன்கோவில் டீக்கடை வாசலில் ஒருவர் பழைய வண்டியை உதைத்து உதைத்து வேர்த்துப்போய் நிற்பார். சுற்றி நிற்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ராத்திரி பூரா பனியில நின்னுருக்குல்ல, அதான் எடுக்க மாட்டேங்குது." பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பிடிக்கும். நம் பக்கம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். பனிக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்குதான். பெரிய குற்றவாளிகள் டேங்க்கிலும் கார்புரேட்டரிலும் பிளக்கிலும் ஒளிந்திருக்கிறார்கள்.

எஞ்சினுக்குள் எரிவது திரவ பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் கொடுப்பதுதான் சோக்கின் வேலை.

சோக் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்குகிறீர்களா? பழைய வண்டிகள் பலவற்றில் இருக்கும் மிக்குனி வகை கார்புரேட்டரில் சோக் காற்றை அடைப்பதில்லை. பெட்ரோல் வர ஒரு தனிப் பாதையைத் திறந்துவிடுகிறது. ஆக்சிலேட்டர் முழுக்க மூடியிருந்தால்தான் அந்தப் பாதையில் உறிஞ்சும் வேகம் கிடைக்கும். முறுக்கினால் சோக் போட்டும் போடாத மாதிரிதான். கையைக் கட்டிக்கொண்டு காலை மட்டும் வேலை வாங்குங்கள்.

கிருஷ்ணன்கோவிலுக்கே உரிய நோய் ஒன்று உண்டு. 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிற பிள்ளைகள் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து உதைத்தால் உயிரே இருக்காது. பேட்டரியைச் சந்தேகப்படுவார்கள், பிளக் மாற்றுவார்கள். நடந்தது இதுதான்: பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் காலை ஸ்டார்ட்டுக்கு உதவுவது. இரண்டு மாத வெயிலில் முதலில் பறந்துபோவதும் அதுவே. மிச்சம் கார்புரேட்டர் கிண்ணத்தில் காய்ந்து பிசினாகிறது. மூடியைத் திறந்து முகர்ந்தால் பெட்ரோல் வாசனைக்குப் பதில் பழைய வார்னிஷ் நெடி அடிக்கும். ஐட்லிங் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை அடைக்கத் துளிப் பிசின் போதும். ஊருக்குக் கிளம்பும் முன் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணைத்தால் இந்தச் செலவு மிச்சம்.

அடைத்த ஜெட்டைக் குத்தக் கிளட்ச் கேபிள் இழையை எடுப்பவர் உண்டு. ஜெட் பித்தளை, இழை எஃகு. அடைப்பு போகும், கூடவே துளையும் பெரிதாகும். அப்புறம் மைலேஜ் குறைகிறது என்று பங்க்காரரைத் திட்டுவோம். முதலில் காற்றடித்து ஊதிப் பாருங்கள்.

மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க டேங்க் மூடிக்கு அடியில் பாலிதீன் தாள் வைக்கும் பழக்கம் உண்டல்லவா? மூடியில் காற்று போக ஒரு நுண்துளை இருக்கிறது. தாள் அதை அடைத்துவிடும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, கீழே இறங்குவது நின்றுபோகும். கிருஷ்ணன்கோவிலில் ஜோராகக் கிளம்பிய வண்டி வத்திராயிருப்பு போகும் வழியில் மூச்சுத் திணறி நிற்கும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம், மறுபடி ஓடும். சதுரகிரிக்குப் போகிற வழியாயிற்றே, மகாலிங்கம் அருள் என்று நினைத்துக்கொள்ளலாம். காரணம் மூடிதான்.

வண்டியைச் சாய்த்துப் பிடித்து உதைப்பது மூடநம்பிக்கை அல்ல. டேங்க் சட்டத்தின் இருபுறமும் குதிரைச் சேணம் போல் தொங்குகிறது. டியூப் ஒரு பக்கம்தான். மறு பக்கத்தில் தங்கிய பெட்ரோல் நடுமேட்டைத் தாண்டி வரச் சாய்க்கத்தான் வேண்டும். எந்தப் பக்கம் டியூப் இருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓரளவு வரை அந்தத் தண்ணீர் பெட்ரோலோடு கலந்தே இருக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். டியூப் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதானே! ஐப்பசி அடைமழைக்குப் பிறகு சந்தேகம் வந்தால், டியூப்பைக் கழற்றிக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் கதை முடிந்தது, டேங்க்கைக் காலி செய்ய வேண்டியதுதான். எத்தனால் முழுதாக எரியப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும், ஆவியாகக் கூடுதல் வெப்பம் வேண்டும். அதனால் பழைய ஜெட் அளவுக்கு இந்தக் கலவை கொஞ்சம் 'வற்றலாக' விழும், காலையில் எடுக்கவும் அடம்பிடிக்கும். முப்பது வருட ரப்பர் டியூப்பும் வாஷரும் இதில் ஊறிப் பிசுபிசுத்துப்போகலாம். என்னைக் கேட்டால், கார்புரேட்டரில் கை வைக்கும் முன் இந்த மலிவான ரப்பர் சாமான்களை மாற்றிவிடலாம்.

இனி புல்லட். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் அதை நம் மண்ணிலேயே பூட்ட ஏற்பாடானது, பிறகு திருவொற்றியூரில் உருவானது. பாயிண்ட் வைத்த பழைய புல்லட்டில் ஆம்பியர் மீட்டர் வெறும் அலங்காரம் இல்லை. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் என்று பொருள். டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே உதை. பலம் வேண்டாம், பதம் போதும். பதம் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பத்திரம்.

மைசூரில் 1996 வரை செய்யப்பட்ட ஜாவா, யெஸ்டி வண்டிகளில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. இந்த டூ ஸ்ட்ரோக்குகளில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்ற வேண்டும். இரவில் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாக, ஆயில் மட்டும் தங்கும். காலையில் பிளக் எண்ணெய்க் குளியல். வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் டேப்பை மூடிவிடுவது அந்தக் காலத்து ஜாவாக்காரர்கள் வழக்கம்.

பிளக் ஈரமாக வந்தால் பெட்ரோல் வரவில்லை என்று சொல்லாதீர்கள், அளவுக்கு மேல் வந்துவிட்டது. டேப்பையும் சோக்கையும் மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பத்து உதை. கரண்ட் வருகிறதா என்று பார்க்கையில் பிளக்கை அதன் துளையை விட்டுத் தள்ளியே பிடியுங்கள். உள்ளிருந்து வரும் ஆவி தீப்பிடிக்கும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சின் ஆயில் தானாகக் கூடியிருக்கிறதா? சந்தோஷப்பட ஒன்றுமில்லை. கார்புரேட்டர் மிதவை ஊசி தேய்ந்து, இரவெல்லாம் பெட்ரோல் எஞ்சினுக்குள் கசிந்திருக்கிறது. ஆயில் குச்சியை முகர்ந்தாலே தெரியும். ஊசியையும் ஆயிலையும் மாற்றாமல் உதைக்காதீர்கள்.

எதுவும் பலிக்காமல் தள்ளித்தான் எடுக்க வேண்டுமா? ஃபர்ஸ்ட் கியர் வேண்டாம், பின்சக்கரம் இறுகி இழுபடும். செகண்டில் போட்டு, ஓட்டம் பிடித்ததும் கிளட்சை விடுங்கள்.