ஆத்திரேலியக் கேரவன் பயணமும் செல்லிடப்பேசிச் சேவையும்
ஆத்திரேலியாவின் உட்பகுதிகளில் கேரவன் வண்டியில் பயணிப்போர், செல்லிடப்பேசிச் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தைவிடச் சமிக்ஞை கிடைக்கும் நிலப்பரப்பையே முதலில் கவனிக்க வேண்டும். அங்கு டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், வோடபோன் ஆகிய மூன்று வலையமைப்புகள் உள்ளன. இவற்றுள் பரந்த நிலப்பரப்பை எட்டுவது டெல்ஸ்ட்ரா. அதன் சேவை 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மக்களுக்குக் கிடைக்கிறது. எனினும் மக்களில் பெரும்பாலோர் கடலோர நகரங்களில் வாழ்வதால், நாட்டின் பெரும்பகுதியில் எந்தச் சமிக்ஞையும் இராது. டெல்ஸ்ட்ரா கோபுரங்களைப் பயன்படுத்தும் மலிவுக் கட்டண நிறுவனங்கள் பலவற்றுக்கு முழு வலையமைப்பும் கிடைப்பதில்லை.

3ஜி சேவை நிறுத்தப்பட்டுவிட்டதால், 4ஜி வழியாக அவசர அழைப்பு விடுக்கக்கூடிய கருவி தேவை. 000 என்னும் அவசர எண்ணை எந்த நிறுவனத்தின் சமிக்ஞை வழியாகவும் அழைக்கலாம். சமிக்ஞையே இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் தொலைபேசி அல்லது அவசர இடங்காட்டிக் கருவியே உயிர்காக்கும்.